மலிந்த பூச்சுத் தகுமோ?

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகளை எழுதவல்ல பெரியோர் எம்மிடையே பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய மோட்டார் வண்டிக்குக் குறைந்த செலவில் வர்ணம் பூசுவித்தல் தகுமோ தகாதோ என்பதாகும். பொருள் சிறிதென்று அன்பர்கள் நகைத்தல் வேண்டா. ஆசிரியர் ஓய்வறையில் இவ்வினா எழாத தவணை ஒன்றேனும் இல்லை. சம்பளத்தை நம்பி வாழ்வோருள், பழைய வண்டி ஒன்றை வைத்திருப்பார் எவரும் இதனை ஒரு நாள் எதிர்கொள்ளவே வேண்டும்.

முதற்கண் சொல்லை ஆராய்தல் தமிழாசிரியர் வழக்கம். மலிதல் என்னும் சொற்குப் பழைய பொருள் நிறைதல், மிகுதல் என்பன. ஒரு பண்டம் சந்தையில் மிகுந்தால் அதன் விலை இறங்கும். ஆதலின் மலிவு என்பது காலப்போக்கில் விலைக்குறைவை உணர்த்தலாயிற்று. ஆகவே ஒன்று மலிவு என்று எவரேனும் கூறுமிடத்து, அங்கே மிகுந்தது யாது, குறைந்தது யாது என்று கேட்டல் முறையாகும். இக்கட்டுரை முழுவதும் அக்கேள்வியின் விரிவே.

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருவோர் வியந்து நோக்கும் காட்சிகளுள் எமது பழைய பிரித்தானியக் கார்களும் அடங்கும். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்பன பிறந்த நாட்டில் அருங்காட்சிப் பொருள்களாகிவிட்டன. இங்கேயோ அவை சந்தைக்கும், கோயிலுக்கும், கலியாண வீட்டுக்கும் ஓடித்திரிந்தன. சில இன்றும் ஓடுகின்றன. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையான காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய சாரதிகளின் திறமையை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திரார். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்புருவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிலும் பழைய வண்டிகளின் விலை ஏறியது. விலை ஏறவே அவற்றுக்குப் புதுக்கோலம் புனையும் தொழிலும் பெருகியது. சந்திக்குச் சந்தி வர்ணம் தெளிக்கும் கொட்டகைகள் தோன்றின.

எமது வீட்டில் நிற்பது 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். எந்தையார் அதனை 1974 இல் பழைய வண்டியாக வாங்கி, வாடகைக்கு ஓட்டி, அதன் வருவாயில் எங்களைப் படிப்பித்தார். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் பாட்டியாரும் அயல்வீட்டு முதியவர் இருவரும் அதிலேதான் சென்றனர். 2011 இல் எந்தையார் காலமானார். அதன்பின் அவ்வண்டி மாதந்தோறும் அன்னையாரைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் பணியைச் செய்துவருகின்றது. சென்ற சில ஆண்டுகளாக அதன் கூரை வெளிறிக் கதவடிகளிலே கொப்புளங்கள் தோன்றின. அயலிலுள்ள தரகர் ஒருவர் படலையில் நின்று கூறினார்: “சேர், ஒரு பெயின்ற் அடிச்சு விடுங்கோ. கறள் ஒண்டும் தெரியாது. நல்ல விலைக்கு நான் தள்ளிவிடுறன்.” அன்னையாரோ விற்பதற்கு இசைந்தாரல்லர். “தம்பி, வித்தாலும் வியாதிக்காரியை ஏத்திற காரெண்டு சொல்லி வில்லு. பூசி மறைச்சு வில்லாதை” என்றார். அவ்வொரு வாக்கியத்திலே இப்பொருளின் பாதி அடங்கிவிட்டது.

வர்ணம் பூசுவதற்கு இரண்டிடங்களில் விலை கேட்டேன். ஒருவர் 4,20,000 ரூபா என்றார். ஆறு வாரம் செல்லும் என்றார். மற்றவர் 1,35,000 ரூபா போதும் என்றார். ஐந்து நாளில் எடுத்துச் செல்லலாம் என்றார். வண்டி ஒன்றே, நிறம் ஒன்றே, வாங்கும் தீந்தையின் விலையிலும் பெருவேறுபாடு இல்லை. அங்ஙனமாயின் எஞ்சிய ஏறத்தாழ மூன்று இலட்சம் எங்கே செல்கின்றது? இதனை அறியாது ஒருவரைக் கொள்ளைக்காரர் என்றும் மற்றவரைத் தருமவான் என்றும் கொள்ளுதல் பேதைமை.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கு வர்ணம் பூசியவர் குதிரை வண்டிக்குப் பூசிய கைவினைஞரே. எண்ணெயிற் குழைத்த வர்ணத்தைத் தூரிகையாற் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் தேய்த்து, மேலே மெருகெண்ணெய் தீட்டுவர். ஒரு வண்டி முடியப் பல வாரம் செல்லும். ஹென்றி போட்டின் ‘ரி’ வகைக் கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டும் விற்கப்பட்டது யாவரும் அறிந்த கதை. 1923 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டியூப்பொன்ற் நிறுவனத்தாரின் ‘டியூக்கோ’ என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சு வந்தது. ஜெனரல் மோட்டோர்சின் ஓக்லண்ட் கார்களுக்கு அது நீல நிறத்தில் தெளிக்கப்பட்டது. கரைப்பான் ஆவியாகப் போனவுடன் அப்பூச்சு உலர்ந்துவிடும். வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. பூச்சு விரைவாயிற்று, ஆகவே மலிவாயிற்று. 1937 இல் லொஸ் ஏஞ்சலிசில் தொழில் தொடங்கிய ஏர்ல் ஷைப் என்பவர், எந்தக் காரையும் எந்த நிறத்திலும் 29.95 டொலருக்குப் பூசித் தருவதாக விளம்பரஞ் செய்து நாடெங்கும் பெயர் பெற்றார். மலிந்த பூச்சைப் பெருந்தொழிலாக்கியோருள் அவர் தலையாயவர்.

ஆயினும் விரைவானது பூச்சு மட்டுமே. பூச்சுக்கு முந்திய வேலை அன்றும் கைவேலை, இன்றும் கைவேலை. வண்டியின் மேலுள்ள பூச்சு முழுவதையும் சேர்த்தளந்தாலும் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கை அடுத்ததாகவே இருக்கும். அத்துணை மெல்லிய தோல் தன் கீழுள்ள தகட்டைப் பற்றிநின்றால் மட்டுமே வெயிலையும் மழையையும் தாங்கும். பற்றிநிற்றற்கு, முதலில் எண்ணெய்ப் பசையும் மெழுகும் நீங்குமாறு கழுவுதல் வேண்டும். விளக்கு, கைபிடி, கண்ணாடியைச் சூழ்ந்த றப்பர் என்பவற்றைக் கழற்றுதல் வேண்டும். கறளைச் சுரண்டி எடுத்து, உளுத்த தகட்டை வெட்டி நல்ல தகடு ஒட்டுதல் வேண்டும். பின் அடிப்பூச்சுப் பூசி, நீர் தெளித்து, 320, 400, 600 எனப் படிப்படியாக நுண்ணிய அரத்தாளால் தேய்த்தல் வேண்டும். இவை யாவும் முடிந்தபின்னரே நிறம் வரும்.

இத்தொழிலில் ஈடுபட்ட எனது பழைய மாணாக்கர் ஒருவர் இதனை எனக்கு ஒரு வரியில் விளக்கினார்: “சேர், அடிக்கிறது கடைசி ஒரு நாள் வேலை. மிச்ச நாளெல்லாம் தேய்க்கிறதுதான்.” ஐந்து நாளில் முடிப்பவர் அத்தேய்ப்பு நாட்களையே குறைக்கிறார். கைபிடியைக் கழற்றாது அதனைச் சுற்றிக் காகிதம் ஒட்டுகிறார். றப்பரைக் கழற்றாது அதன் விளிம்புவரை தெளிக்கிறார். ஆறு மாதம் கழித்து அவ்விளிம்பிலேதான் பூச்சு முதலில் உரிகின்றது. ஆக, மலிவில் மிகுந்தது மினுக்கம், குறைந்தது உழைப்பு. அம்மாணாக்கரே எனக்கு 1,35,000 ரூபா என்று விலை கூறியவர். “இந்தக் காசுக்கு இவ்வளவுதான் செய்யேலும் சேர், ஆனால் பொய் சொல்லமாட்டன்” என்று அவர் மொழிந்தமை எனக்குப் பெருமையளித்தது.

இனிக் கறளின் தன்மையைச் சிறிது நோக்குவாம். இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்துக் கறள் பிறக்கின்றது. உப்பு அச்செயலை விரைவுபடுத்தும். கடல் சூழ்ந்த எமது குடாநாட்டில் உப்புக்காற்றுக்குக் குறைவில்லை. கறளானது தான் பிறந்த இரும்பிலும் பார்க்கக் கூடிய இடத்தை அடைப்பது. ஆதலால் அது தன் மேலுள்ள பூச்சை மேலே தள்ளும். அதுவே நாம் காணும் கொப்புளம். கொப்புளத்தைத் தேய்த்து மட்டமாக்கி, மேலே பட்டி வைத்து, அதன்மேல் வர்ணம் தெளித்தாற் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். ஆனால், உள்ளே எஞ்சிய கறளும் ஈரமும் தம் வேலையை நிறுத்துவதில்லை. தகடு உட்புறமாகத் துளைபட்டிருப்பின் பின்புறத்தாலும் ஈரம் வரும். பட்டியோ ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பூசாத வண்டியிலாயின் நோய் வெளியே தெரியும். பூசிய வண்டியில் அது ஒளிந்து வளரும்.

மொறிஸ் மைனரில் இது வெறும் அழகைப் பற்றிய விடயம் அன்று. அலெக் இசிகோனிசு என்பவர் வடிவமைத்து 1948 இல் வெளிவந்து, 1971 வரை உருவாக்கப்பட்ட அக்காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகின்றது. ஒஸ்ரின் ஏ 40 சமசெற்றுக்குத் தனிச்சட்டம் உண்டு. அதன் உடல் சற்று உளுத்தாலும் சட்டம் தாங்கும். மைனரிலோ, கதவுக்குக் கீழே நீண்டு செல்லும் பெட்டிபோன்ற அடிவிளிம்பு உளுத்துப்போமாயின், வீட்டுக்குத் தூண் உளுத்ததற்கு ஒப்பாகும். எமது வண்டியின் இடப்புற அடிவிளிம்பை அம்மாணாக்கர் ஒரு திருப்புளியால் மெல்ல அழுத்தினார். பூச்சு நன்றாகவே இருந்த இடம் அது. திருப்புளி பிடிவரை உள்ளே சென்றது. அன்னையார் கிளினிக்குக்குப் போகும்போது அமரும் ஆசனம் அதற்கு நேர்மேலே உள்ளது. ஐந்து நாட் பூச்சை யான் அன்றே மனத்தினின்று நீக்கிவிட்டேன். அதனைத் தெளித்திருப்பின் அவ்விடம் பளபளக்கும். ஓராண்டோ ஈராண்டோ எவரும் அதனைத் திருப்பிப் பாரார்.

வண்டி வாங்குவோர்க்கு ஒரு சிறு உபாயம் கூறுவேன். சிறிய காந்தம் ஒன்றைப் பருத்தித் துணியிற் சுற்றிக்கொண்டு கதவடிகளிலும், சில்லுகளைச் சூழ்ந்த வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். தகடு உள்ள இடத்திற் காந்தம் பற்றும். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் வழுக்கி விழும். புதுப்பூச்சின் வாசம் மாறாத வண்டியாயின் இதனைச் செய்யாது முற்பணம் கொடுத்தலாகாது. எமது தரகர் கூறிய ‘நல்ல விலை’யைக் கொடுக்கவிருந்தவர் யாராயினும், அவரும் எங்கோ ஒரு தாயையோ பிள்ளையையோ அவ்வாசனத்தில் இருத்தியே செல்வார் அல்லவா?

மலிவின் விலையை ஏற்பவருள் தகடும் வாங்குபவரும் இருவர். மூன்றாமவர் ஒருவர் உளர். அவரை நாம் நினைப்பதேயில்லை. அவர் வர்ணம் தெளிக்கும் தொழிலாளி.

இக்காலத்துப் பூச்சுகளுட் பெரும்பாலன, ‘ரூ கே’ என்று தொழிலாளர் வழங்கும் இருபாகத் தீந்தைகள். நிறத்தோடு கடினமாக்கி ஒன்றைக் கலந்து தெளிப்பர். மினுக்கமும் உறுதியும் மிக உடையவை. ஆனால் அக்கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்னும் சேர்வை உண்டு. தெளிக்கும்போது எழும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பவர்க்கு ஆஸ்துமா உண்டாதல் கூடும். ஒருமுறை உடல் அதற்கு இசைவின்மை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே போதும் மூச்சு முட்டுதற்கு. இங்கிலாந்தில் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்றென்பர். துணியாலோ காகிதத்தாலோ ஆன முகமூடி இதனைத் தடுக்காது. குழாய்வழியே தூய காற்றைச் செலுத்தும் முகமூடியும், காற்றை வெளியே இழுக்கும் அறையும் வேண்டும்.

எமது மாணாக்கரின் கொட்டகைக்கு யான் சென்ற வேளை, அவரிடம் வேலை பழகும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் மூக்கைக் கைலேஞ்சியாற் கட்டிக்கொண்டு வானொன்றுக்குத் தெளித்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கமும் படங்கு கட்டிய இடம். இடையிடையே அவர் இருமினார். நல்ல முகமூடி வாங்கலாகாதோ என்று மாணாக்கரை வினவினேன். “வாங்கலாம் சேர். அதின்ர காசை ஆரிட்டைக் கேக்கிறது? விலையைக் கூட்டினால் அடுத்த கொட்டிலுக்குப் போயிடுவினம். ஒருத்தரும் முகமூடி இருக்கோ எண்டு கேட்டு வாறேல்லை” என்றார். அவர் கூறியது முழுதும் உண்மை. 4,20,000 ரூபா கேட்டவரிடம் தனியறையும் காற்றுக்குழாயும் இருந்தன. அவர் கேட்ட விலையில் ஒரு பங்கு ஓர் இளைஞரின் நெஞ்சுக்குரிய காவற்கூலி. இவர் கேட்ட குறைவில் ஒரு பங்கு அதே நெஞ்சிலிருந்து எடுத்துத் தள்ளுபடி செய்யப்பட்டது. சந்தைக்கணக்கில் இவ்விரண்டும் ஒரே வரியில் எழுதப்படுதலால் நமக்குத் தெரிவதில்லை.

இத்தனையும் கூறியதால், பெருஞ்செலவு செய்தலே வழி என்று யான் சாதிக்க வரவில்லை. ஆசிரியன் ஒருவனுக்கு நாலு இலட்சம் எளிதன்று. அறுபது வயதைக் கடந்த காருக்கு அத்தொகையைக் கொடுத்தல் எல்லார்க்கும் பொருந்தவும் பொருந்தாது. இடைவழி ஒன்று உண்டு. விலையின் பெரும்பகுதி முந்திய வேலைக்கே செல்கின்றதாயின், அவ்வேலையுள் நாமே செய்யத்தக்கதை நாமே செய்து, செய்யத்தகாததை மட்டும் வல்லாரிடம் ஒப்படைத்தல் அவ்வழி.

2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு தொடங்கி, வார இறுதிகளையும் சேர்த்து, பதினேழு நாட்கள் அவ்வேலையில் ஈடுபட்டேன். அடிவிளிம்பையும் தளத்தின் ஒரு பகுதியையும் வெட்டிப் புதுத்தகடு ஒட்டும் வேலையை ஒட்டுவேலை அறிந்த ஒருவரிடம் விட்டேன். 90,000 ரூபா சென்றது. விளக்கு, கைபிடி, அலங்காரத் தகடு யாவற்றையும் மகனும் யானுமாகக் கழற்றினோம். ஆணிகளை இடம் குறித்து விசுக்கோத்துப் பேணிகளில் இட்டுவைத்தது மகனின் வேலை. தேய்க்கும் வேலைக்கு மாத்திரம் அவனை அண்டவிடவில்லை. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு. அதன்பொருட்டு உலர்வாகத் தேய்க்காது, நீர் ஊற்றியே தேய்த்து, கழிவையும் துணியில் ஒற்றி எடுத்தேன்.

தேய்க்கத் தேய்க்க வண்டியின் சரித்திரம் வெளிவந்தது. மேலே வெளிறிய வெண்மஞ்சள். அது 2010 இல் விரைவாகத் தெளிக்கப்பட்ட பூச்சு. அரத்தாள் படுமுன்னரே சில இடங்களில் நகத்தால் உரிந்தது. அதன் கீழே கரும்பச்சை. அது எந்தையார் 1992 இல் தம் கையாற் பூசியது. தடைக்காலத்தில் வர்ணம் தெளிக்க மின்சாரமும் இல்லை, தீந்தையும் இல்லை. படலைக்குப் பூசிய எனாமலின் மிச்சத்தைத் தூரிகையால் அவர் பூசினார். அன்று அயலார் நகைத்தனர்; தூரிகையின் கோடுகள் வண்டி முழுதும் தெரிந்தன. ஆனால் பூசுமுன் பத்து நாள் திண்ணையருகே இருந்து அவர் கறள் சுரண்டியதும், சுரண்டிய இடங்களிற் செந்நிற ஈயப்பூச்சுத் தடவியதும் சிறுவனாகிய யான் கண்டவை. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அப்பச்சையை அகற்ற என் தோள் நொந்தது. அவர் சுரண்டிப் பூசிய வலப்புற அடிவிளிம்பின் தகடு இன்றும் உறுதியாக இருந்தது. அதைவிட மலிந்த பூச்சு உலகில் இராது. அதைவிட நல்ல பூச்சை அவ்வண்டி கண்டதும் இல்லை. சில இடங்களில் அப்பச்சையை முற்றும் அகற்றாது மட்டமாக்கி, அதன்மேலேயே அடிப்பூச்சைப் பூசுவித்தேன். நன்றாகப் பற்றியிருக்கும் பழைய பூச்சை அகற்றவேண்டியதில்லை என்பது தொழிலாளர் விதியும் ஆகும்.

நிறத்தைத் தெளிக்கும் வேலை எனது மாணாக்கருடையது. ‘ரூ கே’ வேண்டா, ‘என் சி’ எனப்படும் பழைய செலுலோசு வகையே போதும் என்று இருவரும் முடிவுசெய்தோம். மைனர் பிறந்த காலத்துக்கு அதுவே பொருத்தம். ஐசோசயனேற்று அதில் இல்லை. மினுக்கம் சற்றுக் குறைவு. ஆண்டுக்கொரு முறை மெருகுபசை இட்டுத் தேய்த்தல் வேண்டும். ஆயினும் கீறல் விழுந்தால் வீட்டிலேயே திருத்தலாம். அதன் கரைப்பானின் ஆவியும் நன்றன்று; தீப்பற்றுவதும் எளிது. ஆகவே படங்குகளைச் சுருட்டிக் காற்றோட்டம் செய்துகொண்டு, ஆவியை உறிஞ்சும் உறைகள் பொருத்திய முகமூடியை அவ்விளைஞர் அணிந்தே தெளித்தார். அம்முகமூடியின் விலை எனது கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டது. தெளித்த கூலியும் தீந்தையும் முகமூடியும் 1,15,000 ரூபா. யான் வாங்கிய அரத்தாள், அடிப்பூச்சு முதலியன 25,000 ரூபா. ஒட்டுவேலையோடு சேர்த்து மொத்தம் 2,30,000 ரூபா. எனது பதினேழு நாட்களுக்கு விலை இடவில்லை. நிறம், தொழிற்சாலையில் அதற்கு முதலில் இட்ட சாம்பல் நிறமே.

எனினும் எல்லா வண்டிக்கும் இது விதியன்று. எமது ஆசிரியர் ஒருவரிடம் யப்பானிய வான் ஒன்று உண்டு. வெயிலால் அதன் கூரையின் மினுக்கம் மட்டுமே போயிற்று. தகட்டில் ஒரு பொட்டுக் கறளும் இல்லை. அவர் குறைந்த செலவிற் கூரையையும் முன்மூடியையும் தெளிப்பித்தார். நான்கு ஆண்டுகளாகின, இன்றும் நன்றாகவே உள்ளது. அவருக்கு மலிந்த பூச்சுத் தகுந்ததே. ஆகவே கேட்போர்க்கு யான் கூறும் விடை நான்கு பகுதியுடையது.

முதலாவது, தகடு நல்லதோ என்று காந்தத்தாலும் திருப்புளியாலும் சோதித்தறிக. நல்லதாயின் மலிந்த பூச்சுத் தகும். உளுத்ததாயின் எப்பூச்சும் தகாது. தகட்டையே முதலில் திருத்துக. இரண்டாவது, முந்திய வேலையை யார் செய்வார் என்பதை விலை பேசுமுன் தெளிவாக்குக. என்ன கழற்றப்படும், எத்தனை முறை தேய்க்கப்படும், அடிப்பூச்சு யாது என்று வினவி எழுதிக்கொள்க. மூன்றாவது, உள்ள நிறத்தையே மீண்டும் பூசுக. நிறத்தை மாற்றினாற் கதவின் உள்விளிம்பு, இயந்திர அறை யாவற்றுக்கும் பூச வேண்டும். பூசாதுவிடின் பழைய நிறம் காட்டிக்கொடுக்கும். பதிவுப் புத்தகத்திலும் நிறம் குறிக்கப்பட்டிருத்தலால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்தல் வேண்டும். நான்காவது, தெளிப்பவரின் முகமூடியைக் கண்ணாற் காண்க. இல்லையாயின் அதற்குரிய பணத்தை நீங்களே முன்வந்து கொடுங்கள். ஒருவர் கேட்பாராயின் அடுத்தவரும் கேட்பார். பலர் கேட்பின் அது தொழிலின் வழக்கமாகிவிடும்.

சுருங்கக்கூறின், குறைந்த விலையின் மறுபாதியை யாரோ ஒருவர் எங்கோ செலுத்தியே தீர்வார். அதனை நமது உழைப்பாலே நாம் செலுத்தினால் மலிவு நன்றே. தகட்டின் மேலும், அறியாது வாங்குபவர் மேலும், இருமும் இளைஞர் மேலும் சுமத்துவோமாயின், அது மலிவும் அன்று, பூச்சும் அன்று.

விழாவையொட்டி எமது கல்லூரிச் சுவர்களுக்கும் புதுப்பூச்சு இடப்படவிருக்கின்றது. உலகின் பல பாகங்களிலும் வாழும் பழைய மாணவர்கள் அதன்பொருட்டு மனமுவந்து பணம் அனுப்பிவருகின்றனர். மேற்கு மண்டபத்துச் சுவரில் மாரிதோறும் ஈரம் ஊறிப் பழைய சுண்ணாம்பு பொருக்காகி நிற்பதை இக்கால மாணவர் நன்கறிவர். பீலி ஒழுகுவதே அதற்குக் காரணம். ஆதலின் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம்: வர்ணத்துக்குப் பணம் அனுப்புவோர் பீலி திருத்தும் செலவையும், சுவர் சுரண்டுவோரின் கூலியையும் சேர்த்தே அனுப்புவார்களாக. நிழற்படத்தில் அவ்விரண்டும் தோன்றமாட்டா. அடுத்த விழாவுக்கு வருவோர், சுவர் நிற்கும் நிலையைக் கண்டு அவற்றை அறிந்துகொள்வர்.